உள்ளத்தில் நிய்யத், ஒட்டகத்துக்குக் கயிறு
(வாசகர் கேள்வி – பதில்)

நிய்யத்தையும் (ஒரு செயலுக்கு உள்ளத்தில் வைக்கும் எண்ணம்) தவக்குலையும் (முடிவை அல்லாஹ்விடம் விடும் நம்பிக்கை) பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். இரண்டும் உள்ளத்தின் வேலைகள். அதனாலேயே இவற்றுக்குச் சட்டதிட்டம் எதுவும் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்டு. எந்த நேரத்தில், எந்தச் செயலோடு, எந்த அளவுக்கு என்று ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) நூல்கள் துல்லியமாகவே பேசுகின்றன. தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ அல்லது ஹனஃபி மத்ஹபை (சட்டப் பிரிவை)ச் சேர்ந்தவர்கள் என்பதால், கருத்து வேறுபடும் இடங்களில் இரண்டையும் சொல்கிறோம்.

கேள்வி: தக்பீர் கட்டும்போது நிய்யத் சரியாக வரவில்லை என்று தோன்றி நாலைந்து முறை 'அல்லாஹு அக்பர்' சொல்கிறேன். சில நாள் இமாம் ருகூஉக்குப் போன பிறகும் நான் தக்பீரிலேயே நிற்கிறேன். நிய்யத் இல்லாமல் தொழுகை கூடாதல்லவா? என்ன செய்வது?
— வாசகர், கீழக்கரை

நிய்யத் இல்லாமல் தொழுகை கூடாது என்பது சரி. 'செயல்கள் எல்லாம் நிய்யத்துகளைக் கொண்டே' என்று உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழிதான் ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ். ஆனால் உங்களிடம் நிய்யத்துக்குக் குறைவே இல்லை. லுஹர் பாங்கு கேட்டுக் கடையைச் சாத்திவிட்டு, ஒளுச் செய்து, ஸஃப்பில் வந்து நிற்கிறீர்கள். 'எதற்கு வந்தீர்கள்?' என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால், யோசிக்காமல் 'லுஹர் தொழ' என்பீர்கள். அந்தப் பதில்தான் நிய்யத்.

ஷாஃபிஈ மத்ஹபில் பர்ளான (கட்டாயக் கடமையான) தொழுகையின் நிய்யத்துக்கு மூன்று விஷயம் போதும்: தொழுகிறேன் என்ற எண்ணம், எந்தத் தொழுகை என்ற குறிப்பு, அது பர்ளு என்ற நினைவு. ஜமாஅத்தில் நிற்பவர் இமாமைப் பின்பற்றுகிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை ரக்அத், கிப்லாவை முன்னோக்கி, அதாவாக (உரிய நேரத்தில்) என்பதெல்லாம் நிபந்தனைகள் அல்ல. வாயால் மொழிவது உள்ளத்துக்கு உதவி செய்வதற்காக மட்டுமே. உள்ளத்தில் லுஹர் இருந்து, நாக்கு தவறி 'அஸர்' என்று சொல்லிவிட்டால்கூடத் தொழுகைக்குப் பாதகம் இல்லை.

இந்த நினைவு தக்பீரோடு இருக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். உங்களைத் தடுமாற வைப்பது இந்த இடம்தான். 'அல்லாஹு' என்பதன் அலிஃபிலிருந்து 'அக்பர்' என்பதன் ரா வரை ஒவ்வோர் எழுத்தோடும் மூன்று விஷயத்தையும் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு நிற்கிறீர்கள். அது மனிதரால் ஆகிற காரியம் அல்ல. தொழுகையை மறக்காமல் அந்த நினைவோடு தக்பீர் சொன்னார் என்று வழக்கத்தில் சொல்லத்தக்க அளவு இருந்தால் போதும் என்று இமாம் கஸ்ஸாலியும் இமாம் நவவியும் சொல்லியிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் இன்னும் இலகு: தொழுகைக்குச் சம்பந்தமில்லாத வேலை இடையில் வராதவரை, நிய்யத் தக்பீருக்குச் சற்று முன்பே இருந்தாலும் செல்லும்.

திரும்பத் திரும்பத் தக்பீர் சொல்வதில் உள்ள ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் தக்பீரில் நீங்கள் தொழுகைக்குள் வந்துவிட்டீர்கள். புதிதாகத் தொடங்கும் எண்ணத்தோடு இரண்டாவது தக்பீர் சொன்னால் முதல் தொழுகை முறிந்துவிடுகிறது. மூன்றாவதில் மறுபடி நுழைகிறீர்கள், நான்காவதில் மறுபடி வெளியே. ஒற்றைப்படையில் உள்ளே, இரட்டைப்படையில் வெளியே என்று ஷாஃபிஈ நூல்கள் இதைக் கணக்காகவே எழுதியிருக்கின்றன. நான்கு முறை சொல்லிவிட்டு நிற்பவர் பேணுதலுக்காகச் செய்ததே அவரைத் தொழுகைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இகாமத் முடிந்ததும் 'லுஹர் பர்ளை இமாமோடு தொழுகிறேன்' என்று ஒரு தடவை உள்ளத்தில் நினையுங்கள். இமாம் தக்பீர் சொல்லி முடித்ததும் நீங்களும் ஒரே ஒரு தடவை சொல்லிக் கையைக் கட்டி ஓதத் தொடங்குங்கள். 'நிய்யத் வரவில்லை' என்ற எண்ணம் எழும். எழட்டும், அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். தொழுகையில் குழப்பும் ஷைத்தானுக்குக் 'கின்ஸப்' என்று பெயர் சொல்லி, அவனை உணர்ந்தால் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி இடப்பக்கம் மூன்று முறை இலேசாகத் துப்பும்படி உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) கற்றுக்கொடுத்தது ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் நூலில் இருக்கிறது.

தொழுகையோடு நிற்காமல், ஒளுவில் அரை மணி நேரம், கை கழுவுவதில் பத்து முறை, பூட்டைச் சரிபார்ப்பதில் பத்து முறை என்று இது பரவியிருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். இது சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய். ஈமானில் உள்ள குறை என்று எண்ணி மறைக்க வேண்டியதில்லை.

கேள்வி: ரமலானில் ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டேன். ஸஹருக்கும் எழவில்லை, இரவில் நிய்யத்தும் வைக்கவில்லை. காலை ஏழு மணிக்குத்தான் விழித்தேன். அந்த நோன்பு செல்லுமா?
— வாசகி, காயல்பட்டினம்

ஷாஃபிஈ மத்ஹபில் பர்ளான நோன்புக்கு மஃரிபிலிருந்து சுபுஹுக்குள், ஒவ்வோர் இரவும் தனியாக நிய்யத் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அன்று நோன்பாளியைப் போலவே உண்ணாமல் இருந்து, பிறகு அதற்கு ஈடாக ஒரு நோன்பைக் களாச் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில், விடிந்ததிலிருந்து எதுவும் உண்ணாமல் இருந்தால், நோன்பு நேரத்தின் பாதி கழிவதற்குள் நிய்யத் வைத்துக்கொள்ளலாம். சுபுஹு 5 மணி, மஃரிப் 6.30 என்றால் மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம். அதன் பாதி பகல் 11.45. (பகல் பன்னிரண்டரை வரை அவகாசம் என்று நினைத்துப் பலர் தவறவிடுவது இங்கேதான்.) உங்களைப் போல மறந்துவிட்டவர் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றிக் காலையிலேயே நிய்யத் வைத்துக்கொள்வது நல்லது என்று ஷாஃபிஈ நூல்களும் வழிகாட்டுகின்றன.

மாலிக்கி மத்ஹபில் மாதம் முழுவதற்கும் முதல் இரவில் வைக்கும் ஒரு நிய்யத் போதும். ஷாஃபிஈகளும் முதல் இரவில் 'இந்த ரமலான் முழுவதும் நோன்பு நோற்கிறேன்' என்று மாலிக்கி மத்ஹபைப் பின்பற்றி ஒருமுறை நிய்யத் வைத்துவிட்டு, அதோடு தினமும் தங்கள் நிய்யத்தை வைத்துவருவது நல்ல பேணுதல்.

தராவீஹ் முடிந்ததும் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் 'நவைத்து ஸவ்ம கதின்…' தெரியாத பெண்கள் அதனால் நோன்பே கூடவில்லையோ என்று பயப்படுகிறார்கள். 'நாளை ரமலான் நோன்பு' என்று உள்ளம் நினைத்தால் நிய்யத் ஆகிவிட்டது. நோன்பை நினைத்துக்கொண்டு ஸஹர் சாப்பிட்டாலும் ஆகிவிட்டது. நிய்யத் வைத்த பிறகு சுபுஹு வரை சாப்பிடுவது நிய்யத்தை முறிக்காது. இரவில் மாதவிடாய் நின்றவர் குளிக்கும் முன்பே நிய்யத் வைத்துக்கொண்டு, சுபுஹுக்குப் பிறகு குளித்துத் தொழுதாலும் நோன்பு சேரும்.

கேள்வி: நாள் முழுக்கச் சமையல், துவையல், பிள்ளைகள். உட்கார்ந்து ஓத நேரமே இல்லை. இதற்கெல்லாம் நன்மை உண்டா?
— குடும்பத் தலைவி, அக்கரைப்பற்று, இலங்கை

உண்டு, சகோதரி. மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும், அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடியிருந்தால், கூலி உண்டு என்று ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) சொன்னார்கள். ஊட்டுகிறவருக்கு உள்ளது சமைக்கிறவருக்கும் உண்டு.

பாத்திரம் துலக்க நிய்யத் தேவையில்லை. நிய்யத் இல்லாமலும் அது சுத்தமாகும். நஜீஸை (அசுத்தத்தை)க் கழுவுவதும் கடனை அடைப்பதும் அப்படித்தான். இவற்றில் நிய்யத் கூலிக்காக வருகிறது. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது 'யா அல்லாஹ், உனக்காக இவர்களைப் பராமரிக்கிறேன்' என்று ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக வைக்க வேண்டியதில்லை. கோபமோ சலிப்போ வந்தால் மறுபடி ஒருமுறை.

ஒரே செயலில் பல நிய்யத்துகளைச் சேர்ப்பதும் உங்களுக்கு உதவும். வெள்ளிக்கிழமை கடமையான குளிப்பும் ஜும்ஆவின் ஸுன்னத்தான குளிப்பும் சேர்ந்து வந்தால், இரண்டையும் நினைத்து ஒரு தடவை குளித்தால் இரண்டின் நன்மையும் உண்டு. ஷவ்வால் ஆறு நோன்பையும் ரமலான் களாவையும் ஒன்றாகச் சேர்ப்பதில் மட்டும் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. முடிந்தவர்கள் தனித்தனியாகவே நோற்கட்டும்.

கேள்வி: வருடம் முழுக்க உறவினர்களுக்கும் கடைப் பையன்களுக்கும் ஏறத்தாழ 40,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். இந்த ரமலானில் அதை ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாமா? ஓர் ஏழை எனக்கு 25,000 தர வேண்டும். திரும்ப வராது என்று தெரிகிறது. அதையும் ஜகாத்தாகத் தள்ளிவிடலாமா?
— வியாபாரி, ஆம்பூர்

முதல் கேள்விக்கு: கொடுத்தபோது என்ன நினைத்தீர்கள்? ஜகாத் ஓர் இபாதத். பணத்தைக் கொடுக்கும்போதோ, ஜகாத்துக்கென்று தனியே எடுத்து வைக்கும்போதோ, சேர்ப்பிக்கும் ஆளிடம் ஒப்படைக்கும்போதோ 'இது என் ஜகாத்' என்ற நிய்யத் இருக்க வேண்டும். வாங்கிய ஏழையின் கையில் அந்தப் பணம் செலவாகாமல் இருக்கும்வரை பிந்தி நிய்யத் வைக்க ஹனஃபி மத்ஹபில் இடம் உண்டு. ஆறு மாதத்துக்கு முன் கொடுத்துச் செலவாகிவிட்ட பணத்தில் அதற்கு வழியில்லை. அந்த 40,000 உங்கள் ஸதகா (கடமையல்லாத தர்மம்). இன்ஷா அல்லாஹ் அதன் கூலி உங்களுக்கு உண்டு. ஜகாத் இன்னும் உங்கள் பொறுப்பில் நிற்கிறது.

கடைப் பையன்களுக்குக் கொடுத்ததில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெருநாளுக்குத் துணியும் பணமும் தருவது உங்கள் கடை வழக்கமாக இருந்து, அதை எதிர்பார்த்தே அவர்கள் வேலை செய்கிறார்கள் என்றால், அது கூலியைச் சேர்ந்தது. கொடுக்கும்போதே ஜகாத் என்று நினைத்திருந்தாலும் போனஸுக்குப் பதிலாக ஜகாத்தைத் தரக் கூடாது. அவர்கள் ஏழைகளாக இருந்தால் போனஸைக் கொடுத்த பிறகு, அதற்கு மேல் ஜகாத் கொடுங்கள். உறவினரில் தாய், தந்தை, பிள்ளைகள், மனைவி ஆகியோருக்கு உங்கள் ஜகாத் செல்லாது. அவர்களைப் பராமரிப்பது உங்கள் கடமை. ஏழையான அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, மாமி, சாச்சா பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அதில் ஜகாத்தின் கூலியோடு உறவைப் பேணிய கூலியும் சேரும்.

இனிமேலுக்கு வழி இருக்கிறது. நிஸாபை (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவை) அடைந்தவர் வருடம் முடியும் முன்பே ஜகாத்தை முன்கூட்டிக் கொடுக்கலாம். ஒரு சிறு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: ஜகாத், ஸதகா. கொடுக்கும் அன்றே எந்தப் பத்தி என்று முடிவு செய்து எழுதுங்கள். கைபேசியில் அனுப்பினால், அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது நிய்யத்தை வைத்துக்கொள்ளுங்கள். வருட முடிவில் தங்கம், ரொக்கம், கடைச் சரக்கு, வரும் என்று நம்பும் கடன் எல்லாவற்றையும் கூட்டி இரண்டரை சதவீதம் பாருங்கள். முன்கூட்டிக் கொடுத்ததைக் கழித்து மீதியைக் கொடுங்கள். பொன்னில் நிஸாப் 85 கிராம் என்பது பரவலான கணக்கு. ஹனஃபி ஆலிம்கள் 87.48 கிராம் என்பார்கள். இரண்டும் ஏறக்குறைய 11 பவுனுக்குள் வந்துவிடும். வாங்குகிறவரிடம் 'இது ஜகாத்' என்று சொல்ல வேண்டியதில்லை. தன்மானமுள்ள ஏழையிடம் சொல்லாமல் இருப்பதே அழகு.

இரண்டாவது கேள்விக்கு: கூடாது. வராத கடனை ஜகாத் என்று தள்ளினால் உங்கள் கையிலிருந்து எதுவும் ஏழையின் கைக்குப் போகவில்லை. நஷ்டக் கணக்கை ஜகாத்தின் பெயரில் எழுதுகிறீர்கள், அவ்வளவுதான். ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டிலும் இது செல்லாது. அவர் உண்மையில் ஏழை என்றால் ஜகாத் பணத்தை அவர் கையில் கொடுங்கள், எந்த நிபந்தனையும் போடாமல். அவராக அதிலிருந்து உங்கள் கடனை அடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். 'இந்தா ஜகாத், இப்போதே கடனைத் திருப்பிக் கொடு' என்று பேசி வைத்துக்கொண்டு கொடுத்தால் அது ஜகாத் ஆகாது.

கேள்வி: எங்கள் ஜமாஅத் நிவாரணப் பொருள் கொடுக்கும்போது புகைப்படம் எடுத்துப் போடுகிறோம். போடாவிட்டால் அடுத்த முறை நன்கொடை குறைகிறது. பள்ளியில் மின்விசிறிக்கும் கடிகாரத்துக்கும் 'உபயம்' என்று பெயர் எழுதுகிறார்கள். இதெல்லாம் ரியா (பிறர் பார்த்துப் புகழச் செய்வது) ஆகுமா?
— ஜமாஅத் செயலாளர், திருச்சி

ஒருவர் உள்ளத்தில் ரியா இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வெளிப்படையாகக் கொடுப்பதும் விலக்கப்பட்டதல்ல. 'தர்மங்களை வெளிப்படையாகக் கொடுத்தால் அதுவும் நல்லதே. மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது உங்களுக்கு இன்னும் நல்லது' (2:271). முளர் கூட்டத்தார் கிழிந்த ஆடையோடு மதீனா வந்தபோது, அன்ஸாரி ஒருவர் கை தாங்காத கனத்தோடு ஒரு பணப்பையை எல்லோர் முன்னும் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்து குவித்தார்கள். நபி (ஸல்) அவர்களின் முகம் மகிழ்ச்சியால் ஒளிர்ந்தது. பிறரைத் தூண்டும் வெளிப்படைக்கு இது சான்று.

அந்த அன்ஸாரி காட்டியது கொடுத்த பொருளை. வாங்கியவரின் முகத்தை அவர் காட்டவில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும். அரிசி மூட்டைகள் அடுக்கிய படம், கடை ரசீது, எத்தனை குடும்பம், மொத்தச் செலவு, மீதி இருப்பு ஆகியவற்றைப் போடுங்கள். நன்கொடையாளர் கேட்பது கணக்கு. அதைத் தந்தால் அவர் நம்பிக்கை குறையாது. அரிசிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் விதவையின் முகம் ஊர் முழுக்கப் போவது 'சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்காதீர்கள்' (2:264) என்ற வசனத்துக்கு மிக அருகில் நிற்கிற செயல். ஜமாஅத் கூட்டத்தில் தீர்மானமாகவே போட்டு இதை நிறுத்தும்படி உங்களை வேண்டிக்கொள்கிறோம்.

'உபயம்' எழுதுவதைப் பொறுத்தவரை, வக்ஃபுச் சொத்து இன்னது என்று அடையாளம் தெரிய, 'பள்ளிவாசல் வக்ஃபு' என்று எழுதினால் போதும். தாய் தந்தையின் பெயரை எழுதி துஆச் செய்யச் சொல்பவரைத் தடுக்க வேண்டாம். ஆனால் பெயர் போடாவிட்டால் தரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவரைத் தனியே அழைத்து மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரைப் பற்றிய ஹதீஸை நினைவூட்டுங்கள். ஷஹீத், ஆலிம், கொடையாளி. மூவரும் மக்கள் புகழுக்காகச் செய்தவர்கள். 'அதுதான் உனக்குச் சொல்லப்பட்டாகிவிட்டதே' என்று கூறப்பட்டு நரகில் போடப்படுவார்கள்.

அல்லாஹ்வுக்காகச் செய்ததைப் பிறர் அறிந்து புகழ்ந்தால்? அது முஃமினுக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என்று அபூதர் (ரலி) கேட்டதற்கு நபி (ஸல்) பதில் சொல்லியிருக்கிறார்கள். ரியாவுக்குப் பயந்து நல்ல காரியத்தையே விட்டுவிடுவதும் சரியல்ல. மக்களுக்காக ஒரு நல்ல செயலை விடுவதும் ரியாதான் என்பது ஃபுளைல் இப்னு இயாளின் புகழ்பெற்ற சொல்.

கேள்வி: மச்சான் துபாய் போக என்னிடம் 3 லட்சமும், என் மனைவியின் நகையில் 8 பவுனும் கேட்கிறார். எழுதி வாங்கலாம் என்றால் 'நமக்குள்ள எதுக்கு எழுத்து? அல்லாஹ் மேல தவக்குல் இல்லையா?' என்கிறார்கள் வீட்டில். எழுதுவது தவக்குலுக்கு மாற்றமா?
— வாசகர், மேலப்பாளையம்

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது தெரியுமா? கடனை எழுதி வைக்கச் சொல்லும் 2:282. 'ஈமான் கொண்டவர்களே' என்று அழைத்து, தவணை குறித்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், கடன் பட்டவரே வாசகத்தைச் சொல்லட்டும், சாட்சிகளை வையுங்கள், சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிக்காதீர்கள் என்று படிப்படியாகச் சொல்கிறது. எழுதுவது கட்டாயக் கடமை அல்ல, வலியுறுத்தப்பட்ட நல்வழி என்பது பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. தவக்குலில் நபி (ஸல்) அவர்களை மிஞ்சியவர் யார்? அவர்கள் 30 ஸாஉ (முகத்தல் அளவை) வாற்கோதுமைக்காகத் தம் போர்க்கவசத்தை ஒரு யூதரிடம் அடகு வைத்திருந்தார்கள்; வஃபாத்தாகும்போதும் அது அடகிலேயே இருந்தது. 'ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கவா?' என்று கேட்டவருக்கு அவர்கள் சொன்ன பதில்: 'கட்டு, பிறகு தவக்குல் வை.'

வரிசை இதுதான். செய்ய வேண்டியதைச் செய். முடிவை அல்லாஹ்விடம் விடு. உங்கள் வீட்டில் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் கேட்கிறார்கள்.

எப்படி எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்க இந்திய வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. வங்கிப் பதிவு உங்களுக்கும் சாட்சி. கடன் பத்திரத்தில் தொகை எண்ணாலும் எழுத்தாலும், கொடுத்த தேதி, திருப்பும் தவணை, இருவர் சாட்சிக் கையெழுத்து இருக்கட்டும். கடனை நீதிமன்றம் வழியே கேட்பதற்குப் பொதுவாக 3 வருடம்தான் காலவரம்பு. அதற்குள் தீராவிட்டால், கெடு முடியும் முன்பே 'இவ்வளவு பாக்கி' என்று கையெழுத்திட்டு மறுபடி எழுதி வாங்குங்கள். வட்டி என்ற சொல்லோ, 'தாமதமானால் இவ்வளவு கூடுதல்' என்ற நிபந்தனையோ உள்ளே வரவே கூடாது.

குடும்பங்கள் பிரிவது பெரும்பாலும் நகையில்தான். நகையையே கடனாகக் கொடுத்தால் திருப்ப வேண்டியதும் நகைதான்: 8 பவுன், அதாவது 64 கிராம், 22 காரட். விலை இரண்டு மடங்கானாலும் அதே எடை. நீங்களே விற்றுப் பணமாகக் கொடுத்தால் கடன் அந்த ரூபாய் மட்டுமே. பிறகு தங்கம் ஏறிவிட்டது என்று கூடுதல் கேட்டால் அது வட்டியாகிவிடும். அடகு வைக்க இரவல் கொடுத்தால் அது வேறு கணக்கு. பெரும்பாலும் வட்டிக்கடையில் போய் முடியும், அதற்குத் துணை போகாதீர்கள். மூன்றில் எது என்பதைக் கொடுக்கும் அன்றே எழுதுங்கள். இன்னொன்று: நகை உங்கள் மனைவியின் சொத்து. மனமொத்த சம்மதம் வேண்டியது அவரிடம். கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் எழுத வேண்டியதும் அவர் பெயரைத்தான்.

மச்சானும் ஒரு நிய்யத் வைத்துக்கொள்ளட்டும். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு மக்களின் பொருளை வாங்குபவருக்காக அல்லாஹ் நிறைவேற்றித் தருவான், அழிக்கும் எண்ணத்தோடு வாங்குபவரை அல்லாஹ் அழித்துவிடுவான் என்கிறது புகாரியில் உள்ள ஹதீஸ்.

கேள்வி: உம்மாவுக்கு 63 வயது. இன்சுலின் போடுகிறார்கள். டாக்டர் நோன்பு வேண்டாம் என்கிறார். 'மருந்து மாத்திரை பார்க்காமல் தவக்குல் வைக்கும் எழுபதாயிரம் பேர் கேள்வி கணக்கு இல்லாமல் சொர்க்கம் போவார்கள்' என்று சொல்லி, உம்மா நோற்கவே செய்வேன் என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
— வாசகி, சென்னை

அந்த ஹதீஸ் ஸஹீஹானது. அதில் சொல்லப்படுவோர் ஓதிப்பார்க்கும்படி பிறரைக் கேட்காதவர்கள், சகுனம் பார்க்காதவர்கள், சூடுபோட்டுக்கொள்ளாதவர்கள், தங்கள் இறைவன்மீது தவக்குல் வைப்பவர்கள். மருத்துவமே பார்க்காதவர்கள் என்று அதில் இல்லை. 'மருத்துவம் செய்யுங்கள், முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை' என்று சொன்னவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கு மருத்துவரை அனுப்பி வைத்தவர்களும் அவர்கள்தான்.

உம்மாவிடம் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் சம்பவத்தைச் சொல்லுங்கள். தாதுஸ் ஸலாஸில் போரில் கடுங்குளிரான ஓர் இரவு அவர்களுக்குக் குளிப்புக் கடமையானது. குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் (நீருக்குப் பதிலாக மண்ணால் தூய்மை) செய்து தொழ வைத்தார்கள். நபி (ஸல்) கேட்டபோது, 'உங்களை நீங்களே கொலை செய்துகொள்ளாதீர்கள்; அல்லாஹ் உங்கள்மீது கருணை உள்ளவன்' (4:29) என்ற வசனத்தைக் காரணமாகச் சொன்னார்கள். நபி (ஸல்) சிரித்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. ஹிஜ்ரி 18இல் ஷாமில் (சிரியாப் பகுதியில்) கொள்ளைநோய் பரவியபோது ஸர்ஃக் என்ற இடத்திலிருந்து உமர் (ரலி) தம்முடன் வந்தவர்களோடு திரும்பினார்கள். 'அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?' என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். 'ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே' என்பது உமரின் பதில். நோயாளிக்கு நோன்பை விடும் சலுகையைத் தந்தவன் அல்லாஹ் (2:185). அவன் தந்ததை ஏற்பது அவனை நம்புவதைச் சேர்ந்தது.

உம்மாவின் டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதை மீற வேண்டாம். மற்ற நீரிழிவு நோயாளிகளுக்கு: ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, நோற்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். அவர் அனுமதித்து நோற்றாலும் பகலில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. இன்சுலின் ஊசியாலும் முறியாது என்பதே இக்கால ஆலிம்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ, 300க்கு மேலே ஏறினாலோ, மஃரிபுக்குப் பத்தே நிமிடம் இருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்தால் காத்திருக்கவே கூடாது.

குணமாகும் வாய்ப்பில்லாத நோய் என்றால் ஒரு நோன்புக்கு ஒரு ஃபித்யா (ஏழைக்குக் கொடுக்கும் ஈடு). ஷாஃபிஈயில் அது ஒரு முத்து (முகத்தல் அளவை) தானியம்; பேணுதலாக முக்கால் கிலோ அரிசி என்று வைத்தால் 30 நாளுக்கு இருபத்திரண்டரைக் கிலோ. ஹனஃபியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிலோ கோதுமை அல்லது அதன் விலை. ஷாஃபிஈயில் ரமலானுக்கு முன்பே மொத்தமாகக் கொடுத்தால் சேராது. அந்தந்த நாளுக்கோ, மாதம் முடிந்த பிறகோ கொடுங்கள். நோன்பு தப்பிவிட்டதே என்று உம்மா அழுதால் இதையும் சொல்லுங்கள்: நோயுற்றவருக்கு, அவர் நலமாக இருந்தபோது செய்துவந்த அமலின் கூலி அப்படியே எழுதப்படுகிறது. புகாரியில் உள்ள ஹதீஸ் இது.

கேள்வி: மகளுக்கு வந்த வரனுக்காக இஸ்திகாரா (நல்லதைக் காட்டும்படி அல்லாஹ்விடம் கேட்கும் தொழுகை) தொழுது மூன்று வாரமாகக் கனவுக்குக் காத்திருக்கிறோம். ஒன்றும் வரவில்லை. பணம் கொடுத்தால் வேறொருவர் பார்த்துச் சொல்வார் என்கிறார்கள். சரியா?
— வாசகர், இராமநாதபுரம்

ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இஸ்திகாரா ஹதீஸில் கனவு என்ற பேச்சே இல்லை. பச்சை தெரிந்தால் நல்லது, சிவப்புத் தெரிந்தால் கெட்டது என்பதும் இல்லை. 'உங்களில் ஒருவர் ஒரு காரியத்தை நாடினால்' பர்ளு அல்லாத இரண்டு ரக்அத் தொழுது, இந்த துஆவை ஓதட்டும் என்றுதான் இருக்கிறது. நாடியவர் ஓத வேண்டும். இங்கே முதலில் தொழ வேண்டியது உங்கள் மகள். பெற்றோரான நீங்களும் தொழலாம். காசு வாங்கிக்கொண்டு மறைவானதைச் சொல்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

சுபுஹுக்குப் பிறகு சூரியன் உதிக்கும்வரையும், அஸருக்குப் பிறகு மஃரிப் வரையும் இதைத் தொழ வேண்டாம். ஸலாம் கொடுத்த பின் துஆவை ஓதுங்கள். பார்த்து ஓதினாலும் போதும். 'இந்தக் காரியம்' என்று வரும் இடத்தில் இன்னாருடன் என் மகளின் திருமணம் என்று குறிப்பிட்டு நினையுங்கள். துஆவின் முடிவில் 'எங்கே இருந்தாலும் எனக்கு நன்மையை விதித்து, அதில் என்னைத் திருப்தி கொள்ளச் செய்' என்று கேட்கிறோம். கேட்டுவிட்ட பிறகு நடக்க வேண்டியது விசாரணை. 'காரியங்களில் அவர்களுடன் ஆலோசனை செய்வீராக. முடிவு செய்துவிட்டால் அல்லாஹ்வின்மீது தவக்குல் வைப்பீராக' (3:159) என்ற வசனத்தில் ஆலோசனை முதலில், முடிவு அடுத்து, தவக்குல் கடைசியில்.

விசாரணை என்றால் மாப்பிள்ளை தொழுகிறாரா என்பதோடு நிற்காதீர்கள். கடன் எவ்வளவு, வெளிநாட்டில் என்ன விசா, என்ன வேலை, குடி அல்லது சூது உண்டா, முன்பு நிகாஹ் ஆகியிருக்கிறதா? அவர் மஹல்லா ஜமாஅத்தில் கடிதம் கேளுங்கள், அவரோடு அறையில் தங்கியிருந்தவர்களையும் அவர் வேலை செய்த இடத்திலும் கேளுங்கள். கேட்கப்படுபவர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றிச் சொன்னபோது, 'முஆவியா பொருளில்லாத ஏழை. அபூஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் (அடிக்கும் பழக்கமுள்ளவர்). உஸாமாவை மணந்துகொள்' என்று நபி (ஸல்) மறைக்காமல் சொன்னார்கள். திருமண விசாரணையில் கேட்டதற்கு உள்ளதைச் சொல்வது புறம் பேசுவதாகாது.

விசாரித்து மனம் நிறைந்தால் மேலே செல்லுங்கள். காரியம் இலகுவாக நடந்தால் அல்ஹம்துலில்லாஹ். வழியில் தடைகள் வந்து தானாக விலகினால் அதுவும் நீங்கள் கேட்ட துஆவின் பதில்தான். இன்னும் இரண்டு மனமாக இருந்தால் மறுபடி தொழுதுகொள்ளுங்கள், எத்தனை முறை என்ற கட்டாயம் இல்லை. மகளுக்கு மாதவிடாய் நாட்கள் என்றால் தொழுகை இல்லாமல் துஆவை மட்டும் ஓதிக்கொள்ளட்டும். பையன் வீட்டார் பதிலுக்கு அவசரப்படுத்தினால், விசாரணை முடியவில்லை, இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.